இடம் மாறிய இரண்டு எண்கள்

அவள் பங்குச் சந்தையின் தலைவியாகி அன்று ஆறாவது நாள். கதவைக்கூடத் தட்டாமல் தம்பி உள்ளே வந்தான். தம்பி என்றால் ஐம்பது வயதுத் தரகர். வழுக்கை போக மிச்சமிருந்த முடிக்கெல்லாம் சாயம்.

"அக்கா, தொலைஞ்சேன்! முந்நூறு பங்கை ரெண்டாயிரம் ரூபாய் விலைக்கு விக்கணும். கம்ப்யூட்டர்ல கட்டத்தை மாத்தி அடிச்சுட்டேன். ரெண்டாயிரம் பங்கு முந்நூறு ரூபாய்க்குப் போயிடுச்சு. மொத்தமும் ஒரே ஆள் வாங்கிட்டான்."

"கண்ணை எங்கடா வச்சிருந்தே?"

"அப்புறமா திட்டு. முதல்ல ரத்து பண்ணு. இல்லேன்னா சாயங்காலமே கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"மாட்டேன்."

"சொந்தத் தம்பிக்கா?"

"அதனாலதான்."

"நாற்காலி வந்ததும் கூடப்பிறந்தவன் யாரோவாயிட்டேன், இல்லே?"

அவளுக்குச் சுருக்கென்றது. முப்பது வருடங்களுக்கு முன் இதே கட்டடத்தில் பலகையில் சாக்கட்டியால் விலை எழுதும் வேலைக்கு வந்தவள் அவள். அப்போதெல்லாம் கூவித்தான் வியாபாரம். கூச்சலில் விலையை உளறிவிட்ட தரகர் நேரே எதிராளியிடம் நடந்து போய் ரத்து செய்யக் கேட்பார். எதிராளி நாலு வார்த்தை ஏசிவிட்டு விட்டுக்கொடுப்பார். கணினித் திரை வந்தபின் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. அப்படிக் கேட்கலாம் என்ற விதி மட்டும் புத்தகத்தில் தூங்கியது. மேசைக் கணினியில் அந்த விற்பனையின் நேரத்தைப் பார்த்தாள்.

"வித்த அரை மணிக்குள்ள எழுதிக் கேட்டா, வாங்கினவருக்கு அனுப்புவோம். அவர் சம்மதிச்சா ரத்து. உனக்கு இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு."

"முகம் தெரியாதவன்கிட்ட கெஞ்சணுமா?"

"கெஞ்ச வேண்டாம். கேளு."

கண்காணிப்பு அதிகாரியை அறைக்கு அழைத்தாள். "இவன் என் தம்பி. இதுல நான் தலையிட மாட்டேன், நீங்களே பாருங்க." சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள். எழுதுவானா? வீம்பு பிடித்தவனாயிற்றே! கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். பேனாவை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். எழுதினான்.

சற்று நேரத்தில் அதிகாரியின் தொலைபேசி ஒலிபெருக்கியில் பங்கை வாங்கியவரின் கரகரத்த குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

"தலைவியோட தம்பியா நீங்க? அக்காகிட்டயே ரத்து பண்ணச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்க. மாட்டேன்னுட்டாங்க."

மறுமுனையில் ஒரே சிரிப்பு.

"பண்ணியிருந்தா வக்கீலோட வந்திருப்பேன். போன மாசம் நானும் இப்படித்தான் மாத்தி அடிச்சு மாட்டினேன். கேக்கலாம்னு ஒருத்தரும் சொல்லலை. போகட்டும், எனக்குச் சம்மதம். எழுதிக்குங்க."

தம்பி வெளியே வந்தான். கண் கலங்கியிருந்தது.

"உன்கூட இனிமே பேசக் கூடாதுன்னு இருந்தேன்."

"பேசாதே. போய் அந்த முந்நூறையாவது ஒழுங்கா வித்துட்டு வா."