நூறு வரை எண்ணும் பூதம்

மூன்றாவது முறையாகவும் முதல் அறையிலேயே பூதம் அவனைப் பிடித்தபோது, அக்கா கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"போச்சா?"

"போச்சு."

"மறுபடியும் போடு."

போட்டான். கூடத்தில் இருந்த டிவியைக் காலையில்தான் அவனும் அத்தானும் தூக்கிக்கொண்டு வந்து, படுக்கையறையில் துணி வைக்கும் மேசையின் மேல் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் உள்ளங்கை அளவில் ஒரு கணினி. நாற்பது வருடத்துக்கு முன் அவர்கள் வீட்டில் இருந்த அதே கணினியை அப்படியே சுருக்கிச் செய்த பொம்மை. அதே பழுப்பு நிறம், அதே வரிவரியான மூடி. விசைகள்கூட உண்டு, ஆனால் வெறும் அச்சு, அழுத்தினால் அமுங்காது. தட்டுவதற்குத் தனியாக ஒரு விசைப்பலகையைச் சொருகிக்கொள்ள வேண்டும். பழைய ஆட்டங்களுக்காக ஏங்குகிறவர்களுக்கென்று இப்போது இப்படிச் செய்து விற்கிறார்கள். போன மாதம் அதைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தபோது அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "என்னடா, நாம வளந்துட்டோமா இது சின்னதாயிடுச்சா?" என்று கேட்டாள்.

அன்றுதான் அதையும் கேட்டாள். "நீ ஜெயிக்கிறத நான் ஒரு தடவகூடப் பாத்ததில்லடா. ஒரு தடவ காட்டிடு."

அது நிஜம். அந்தக் காலத்தில் அக்கா டிவி விற்கும் கடையில் வேலை பார்த்தாள். கடையில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த அந்தக் கணினி, சேமித்து வைக்கும் கேசட் பெட்டி இல்லாமல் தனியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதனால் அணைத்தால் எல்லாம் அழிந்துபோகும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா ஒரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, அதில் அச்சாகியிருந்த ஆட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தட்டுவாள். தொண்ணூறு வரிகள். ஒரு புள்ளி தவறினாலும் ஓடாது. முடித்ததும் "இந்தா" என்று நகர்ந்து, ஆறு நாள் வேலை அலுப்பில் தரையிலேயே படுத்துத் தூங்கிவிடுவாள். அவன் பத்து அறைகளையும் தாண்டி, பத்துச் சாவிகளையும் எடுத்து ஜெயித்துவிட்டு அவளை உலுக்குவான். "ம், கெட்டிக்காரன்" என்று புரண்டு படுப்பாள்.

அவ்வளவு சுலபமாக ஜெயித்த ஆட்டம். இப்போது முதல் அறையைத் தாண்ட முடியவில்லை.

அத்தான் தட்டில் மருந்தும் பஞ்சும் தண்ணீரும் கொண்டுவந்தார். அக்காவின் உதட்டை நனைத்துவிட்டு, டிவியைப் பார்த்தார்.

"மாப்ள, இருபத்தஞ்சு வருஷமா 'என் தம்பி மாதிரி ஆட ஆள் கிடையாது'ன்னு கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சு போச்சு. அந்தத் தம்பி நீதானா, இல்ல வேற யாராவது இருக்காங்களா?"

"மெஷின் சரியில்ல அத்தான். வேகமா ஓடுது. பொம்மதான?"

சொன்னானே தவிர, அது பொய் என்று அவனுக்கே தெரியும். நேற்று ஆட்டத்தை ஏற்றுவதற்காக அதை வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனபோதே கடிகாரம் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டான். பொம்மையின் நொடியும் அவன் கைக்கடிகாரத்தின் நொடியும் ஒன்றாகத்தான் ஓடின. அப்படியென்றால் பழுது கையில்தான்.

அவனுக்கு வலது கை நடுங்கும். எட்டு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அந்தக் கையோடு அவன் பல் செட் செய்கிற வேலைக்குப் போய், மெழுகையும் மாவையும் குழைத்து, ஊசிமுனைக் கத்தியால் பல்லுக்குப் பல் செதுக்கி முப்பது வருடம் ஓட்டிவிட்டான். பல் மருத்துவர்கள் அவன் பேரைச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தக் கை இப்போது ஒரு எழுத்தை இன்னோர் எழுத்திடமிருந்து காப்பாற்ற முடியாமல் திணறுகிறது. அந்த ஆட்டத்தில் மனிதன் என்பது ஓர் எழுத்து, பூதம் என்பது இன்னோர் எழுத்து, அவ்வளவுதான்.

காலையில் வந்த நர்ஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொல்லியிருந்தாள். "பொண்ண வரச் சொல்லிடுங்க. நாளைக்குன்னு எதையும் தள்ளி வைக்காதீங்க." அத்தான் அப்போதே மகளுக்குப் போன் செய்துவிட்டார். ரயில் நாலு மணிக்கு வரும்.

நான்காவது முறை. பூதம் மூலையிலிருந்து கிளம்பி நேராக வந்தது. அவன் விரல் விசையைத் தேடுவதற்குள் பிடித்துவிட்டது.

"சே!"

அக்கா சிரித்தாள். சிரிப்பென்றால் சத்தமில்லை, போர்வை மட்டும் அசைந்தது. மூக்கில் இருந்த குழாய் நழுவியது. அத்தான் அதைச் சரிசெய்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இரண்டு ஆண்களும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள்.

"என்னக்கா?"

"வரியெல்லாம் காட்டு."

அவன் ஆட்டத்தை நிறுத்தி, வரிகளைத் திரையில் கொண்டுவந்தான். அந்தப் பத்திரிகையை யாரோ பத்திரமாக வைத்திருந்து, தட்டி இணையத்தில் போட்டிருந்தார்கள். அதை எடுத்துத்தான் பொம்மையில் ஏற்றியிருந்தான். பத்து, இருபது, முப்பது என்று வரிக்கு வரி எண் போட்டிருந்தது.

"அறுபத்தஞ்சு இருக்கா பாரு."

"அறுபது இருக்கு. அதுக்கப்புறம் எழுபது."

"அதான்," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "பத்துப் பத்தா எதுக்கு நம்பர் போடறாங்கன்னு நினைச்சே? நடுவுல எதாவது சேக்கணும்னா எடம் வேணும்ல."

"என்ன சேத்தே?"

அந்த வீட்டில் பதிலுக்காகக் காத்திருக்க எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் மெஷின் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது.

"பூதம் ஒவ்வொரு அடி வைக்கறதுக்கு முன்னாடியும் நூறு வரைக்கும் எண்ணணும்னு எழுதினேன். வேற ஒண்ணும் பண்ணாது. சும்மா எண்ணும். எண்ணி முடிச்சுட்டுத்தான் கால எடுத்து வைக்கும்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது. எழுபது.

"மொத ஞாயித்துக்கிழமை நீ ஆடினது பத்திரிகைல இருந்த மாதிரியேதான். அன்னிக்கு நீ அழுதே. ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"அழுதுட்டு, கைய மேச டிராயருக்குள்ள வச்சு மூடினே."

அவனுக்கு அது நினைவில்லை. வேறு ஒன்று நினைவிருந்தது. அந்த வயதில் அவன் எதைத் தொட்டாலும் யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். தண்ணீர் ஊற்றப் போனால் அம்மா பிடுங்குவாள். கோடு போடப் போனால் பக்கத்துப் பையன் பிடுங்குவான். மணி அடித்ததும் வாத்தியார் பாதி எழுதிய தாளைப் பிடுங்குவார். எல்லோரும் நல்லவர்கள்தான், "குடு, நான் செய்யறேன்" என்பார்கள். யாரும் பிடுங்காத ஒரே இடம் அந்தத் திரைக்கு முன்னால்தான். அங்கேதான் மணிக்கட்டை மேசையில் ஊன்றி, மூச்சை விட்டு, நடுக்கம் அடங்கும்வரை பொறுத்து, அதற்கப்புறம் விரலை அசைக்கக் கற்றுக்கொண்டான். பிறகு பல் செட் செய்யுமிடத்தில் முதலாளி அவன் கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபோது, "கொஞ்ச நேரம் குடுங்க, செஞ்சு காட்டறேன்" என்று சொல்லும் துணிச்சல் அவனுக்கு இருந்தது. பூதத்தையே பத்து அறையிலும் ஏய்த்தவன் என்ற துணிச்சல் அது.

"ஒவ்வொரு வாரமுமா?" என்று கேட்டான்.

"அணைச்சா அழிஞ்சு போயிடும்ல?"

"மறந்ததே இல்லையா?"

"மறந்தா நீ ஜெயிச்சிருப்பியா?" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏமாத்தலடா. அறை அதேதான். சாவி அதேதான். நீ நிஜமாத்தான் ஜெயிச்சே. நேரம் மட்டும்தான் நான் குடுத்தது" என்றாள்.

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. "தலகாணி ஒசரம் போதுமா?" என்று கேட்டான்.

"போதும். தட்டு. அறுபத்தஞ்சு."

அவள் சொல்லச் சொல்லத் தட்டினான். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுத்தான் அவளால் சொல்ல முடிந்தது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத்தான் அவனால் தட்ட முடிந்தது. ஒரு இடத்தில் விரல் உதறி இரண்டு முறை விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினான். யாரும் அவசரப்படுத்தவில்லை. அத்தான்கூடப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"எது வரைக்கும் எண்ணணும்? நூறா?"

"அப்ப நூறு," என்றாள் அக்கா. "இப்ப உனக்கு வயசாயிடுச்சு. இருநூறு போடு."

அத்தான் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவனும் சிரித்தான். இருநூறு போட்டான்.

பூதம் கிளம்பியது. ஒரு அடி. நின்றது. அதன் வேகம் எங்கோ உள்ளே எண்ணிக்கையாகக் கரைந்துகொண்டிருந்தது. அவன் மணிக்கட்டை ஊன்றினான். முதல் சாவி. இரண்டாவது அறை. பூதம் ஒரு அடி வைத்து நிற்கும் நேரத்தில் அவனால் அறை முழுவதையும் பார்க்க முடிந்தது, வழியைத் தேர்ந்துகொள்ள முடிந்தது, தவறான வழி என்றால் திரும்ப முடிந்தது. ஐந்தாவது அறையில் ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தான். "அந்தப் பக்கம் மாப்ள, அந்தப் பக்கம்!" என்று அத்தான் கட்டிலைத் தட்டினார். அவர் எப்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. அக்காவின் பாதம் அவர் மடியில் இருந்தது.

"பாக்கறியாக்கா?" என்று திரும்பாமலேயே கேட்டான்.

"ம்."

பத்தாவது சாவியை எடுத்ததும் திரையின் விளிம்பு சிவப்பாகவும் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறி மாறி மின்னியது. கீச்சென்று ஒரு இசை, ஐந்தாறு ஸ்வரம். அவ்வளவுதான் பரிசு. அவன் திரும்பினான்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. விசைப்பலகையின் மேல் இருந்த அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். பிறகு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தவள்போல் சுகமாகத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றே முக்காலுக்கு அவள் மூச்சில் இடைவெளி விழ ஆரம்பித்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இரண்டு ஆண்களும் தங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டு இருபதுக்கு ஒரு மூச்சுக்குப் பிறகு வெகுநேரம் காத்திருந்தார்கள். அதற்கப்புறம் அத்தான் குனிந்து ஆக்சிஜன் மெஷினை நிறுத்தினார். மூன்று மாதமாக அந்த முனகலை யாரும் கவனித்ததில்லை. நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தமாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

"வலி தெரிஞ்சிருக்காதுல்ல?" என்றார் அத்தான்.

"தெரிஞ்சிருக்காது."

"காலைல சிரிச்சாளே."

"ஆமா."

"எனக்கு அது போதும் மாப்ள," என்றார். யாரோ மறுத்துப் பேசியதுபோல, "போதும்," என்று இன்னொரு தடவை சொன்னார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தாளில் நேரத்தைக் குறித்துக்கொடுத்துவிட்டுப் போனார். மாடிவீட்டுக்காரி வந்து அக்காவின் தலையை வாரிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தாள். அத்தான் அமரர் ஊர்திக்காரருக்குப் போன் செய்து, மகள் வந்த பிறகு வந்தால் போதும் என்றார். யாரோ டிவியை அணைத்திருந்தார்கள்.

நாலரைக்கு மகள் வந்தாள். அவள் ரயிலில் வரும்போதே போனில் சொல்லியாகிவிட்டது. படியேறிய வேகத்தோடு உள்ளே வந்தவள், அம்மாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். அத்தான் அவள் முதுகில் கை வைத்தார். நிமிர்ந்தபோது கண் காய்ந்திருந்தது. அழுகையெல்லாம் ரயிலிலேயே முடித்திருந்தாள்போல.

"அப்ப யாரெல்லாம் கூட இருந்தீங்க?"

"நாங்க ரெண்டு பேரும்," என்றார் அத்தான்.

"என்னைக் கேட்டாங்களா?"

"காலைல கேட்டா. ரயில் எத்தன மணிக்குன்னு. நாலுன்னேன். ஜன்னல் பக்கம் உக்காந்து வரச்சொல்லுன்னா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். "கடைசியா என்ன சொன்னாங்க மாமா?"

அத்தானும் அவனைப் பார்த்தார். ஒரு நல்ல வாக்கியமாகச் சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு மகள் ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும்படியாக, அக்கா சொல்லியிருக்கக்கூடியதாகவே ஒன்றை. அப்படி இரண்டு மூன்று மனதுக்குள் வந்து போயின.

"எனக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னா," என்றான்.

"என்னது?"

"உனக்கு வயசாயிடுச்சு, இருநூறு போடுன்னா. அதுதான் கடைசி. அதுக்கப்புறம் 'ம்' மட்டும்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இருநூறா? என்ன இருநூறு மாமா?"

அவன் நாற்காலியைக் கட்டிலுக்கருகில் இழுத்துப் போட்டான். "உக்காரு. சொல்றேன்."

உட்கார்ந்தாள். அவன் வாயைத் திறந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காய்ச்சலிலிருந்தா, ஞாயிற்றுக்கிழமையிலிருந்தா? ஜன்னலுக்குக் கீழே ஒரு லாரி பின்னால் வந்து நின்றது, யாரோ கதவைச் சாத்தினார்கள், அதுவும் அடங்கியது. அவள் "சொல்லுங்க" என்று அவசரப்படுத்தவில்லை. ரயிலில் இருந்து தோளிலேயே கிடந்த பையை இறக்கி, சத்தமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.