நெத்திலிக்குச் சோறு

“பின்னங்காலைப் பிடிச்சு இழுப்பா. அதுக்கு என்ன வெத்தலை பாக்கு வச்சா அழைக்கணும்?” என்றார் கன்னையா.

இழுக்கக் குனிந்த அக்கம்பக்கத்துப் பையன் பாலன் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். மணிக்கட்டில் இரண்டு பல் பதிந்திருந்தது. நல்லம்மாளைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு அடியில், சுவரோரம் ஒட்டிக்கொண்டு, நெத்திலி உறுமியது. முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். உறுமலை மட்டும் கேட்டால், பெஞ்சுக்கு அடியில் புலி படுத்திருக்கிறது என்றுதான் புது ஆள் நினைப்பான்.

வாசலில் பாடை கட்டி முடித்தாயிற்று. கொல்லையில் பெண்கள் தண்ணீரும் அரைத்த மஞ்சளுமாகக் காத்திருந்தார்கள். சுமங்கலியாய்ப் போனவளைக் குளிப்பாட்டி, கூறைச்சேலை சுற்றி, பூ வைத்து அனுப்ப வேண்டும். தூக்க வந்த ஒருவரையும் அந்த நாய் பெஞ்சை நெருங்க விடவில்லை.

எல்லாரும் நாகையாவைப் பார்த்தார்கள்.

இன்றைக்குமா, என்று நினைத்துக்கொண்டார் நாகையா. நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்காமல் அந்த நாய் ஒரு வாரம்கூடச் சும்மா இருந்ததில்லை. பெண்டாட்டி பிணமாய்க் கிடக்கிற இன்றைக்காவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

அது வந்ததே ஒரு கூத்து. வெள்ளைக்கார ராஜாவுக்கு வெள்ளி விழா என்று டவுனெங்கும் விளக்குப் போட்ட வருஷம். பாசாரில் சீனன் கடைக்குக் கருவாடு வாங்கப் போன நல்லம்மாள், கூடையில் நெத்திலிக் கருவாட்டுக்கு மேலே இதை உட்கார வைத்துக்கொண்டு வந்தாள். பாதிக் கருவாட்டை வழியிலேயே அது தின்று தீர்த்திருந்தது.

“கடை மொதலாளி தவுக்கே இதைச் சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டு இருந்தான்ங்க. ஆத்துல விடப் போறானாம். கண்ணால பாத்துட்டு எப்படிங்க வர்றது?”

நாகையா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை. ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பாதைக்குத் தண்டவாளத்தை மாற்றிவிட்டு, வண்டி போனதும் திரும்ப மாற்றுவார். அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி நல்லம்மாள் சொல்லிக்கொண்டே இருப்பாள்: “ஊர்ல கட்டிக் குடுக்கறப்ப மனுசன்னுதான் சொன்னாங்க. கப்பலேறி வந்து பாத்தா கைகாட்டி மரம்.”

அவர் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நாய்க்கு நெத்திலி என்றே பெயரும் வைத்தாள். அதன்பிறகு பட்டதெல்லாம் நாகையாதான். குவாட்டர்ஸ் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் துரையின் காலுறையைக் கிழித்தது. தைப்பூசத்துக்குக் கட்டிவைத்திருந்த பால்செம்பை உருட்டியது. ஊரில் நாய்ப் பைத்தியம் பரவி, தெருவில் விட்டால் வாய்க்கு மூடி போட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, நல்லம்மாள் உட்கார்ந்து பிரம்பில் ஒரு சின்னக் கூடு முடைந்தாள். அதை மாட்டிவிடப் போனவர் நாகையா. கடி வாங்கியவரும் நாகையா. யார்டில் வேலை வாங்குகிற மண்டோர் வருஷம் தவறாமல் கேட்பார்: “ஏன் நாகையா, அது உன் வீட்டு நாயா, நீ அது வீட்டு ஆளா?”

இப்போது அவர் கொல்லைக்குப் போனார். கொடியில் நல்லம்மாளின் பழைய கண்டாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அவளே துவைத்துப் போட்டது, இன்னும் தொங்கியது. யாருக்கும் எடுத்து மடிக்கத் தோன்றவில்லை. அதை உருவிக்கொண்டு வந்து, குனிந்து, பெஞ்சுக்கு அடியில் வலை வீசுகிற மாதிரி வீசினார். உறுமல் சட்டென்று நின்றது. சேலையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்தபோது மூட்டைக்குள் அது அசையவே இல்லை. விறகுக் கொட்டகையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

“இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல,” என்றார் கன்னையா. அவர் நாகையாவின் அண்ணன். கிள்ளானில் இருந்து விடியற்காலை ரயிலில் வந்ததிலிருந்து எல்லாக் காரியத்தையும் அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். “சாயந்திரம் ரவாங் பக்கத்து லோரிக்காரன் வர்றான். ஈயம் தோண்டுற லம்பத்துல காவலுக்கு நாய் வேணுமாம். குடுத்து அனுப்பிடுவோம். நாளைக்குப் பால் ஊத்தினதும் நீ என்னோட கிள்ளானுக்கு வா. கொஞ்ச நாள் இரு. உங்க அண்ணிக்கு நாய்னா ஆகாது, தெரியும்ல.”

“இதுவா லம்பத்தைக் காக்கப் போவுது?” என்றான் பாலன், மணிக்கட்டைத் தேய்த்தபடி. “கோழி வந்தாக்கூட இது ஓடிரும்ணே.”

“உன்னைக் கடிச்சுதில்ல? அது போதும்.”

நாகையா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

லோரிக்காரன் கொண்டுபோனாலும் அது ரொம்ப நாள் உயிரோடு இருக்கப் போவதில்லை. நல்லம்மாளை நெஞ்சுச் சளியோடு மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றிலிருந்து நெத்திலி சோற்றில் வாய் வைக்கவில்லை. நாகையா வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு இராஜம்மா வைத்துப் பார்த்தாள். கருவாட்டுத் தலை போட்டு, குழம்பு ஊற்றி, சீனன் கடை ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கூடப் பார்த்தாயிற்று. தட்டை முகரும். முகர்ந்துவிட்டு ஆளின் வாயைப் பார்க்கும். பிறகு போய்ப் படுத்துக்கொள்ளும்.

நாகையா தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போவார். கட்டிலருகே போய் நின்றதும் நல்லம்மாள் கேட்பது ஒன்றுதான்.

“நெத்திலி சோறு தின்னுச்சா?”

“ம்.”

நீங்க சாப்பிட்டீங்களா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இங்கே மனுஷன் கஞ்சியும் ஊறுகாயுமாய்க் கிடக்கிறான், இவளுக்கு நாய்க்கவலை. நாகையாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் தின்னவில்லை என்று சொல்ல வாய் வராது. சொன்னால் மூச்சிரைக்க எழுந்து வீட்டுக்குக் கிளம்பினாலும் கிளம்பிவிடுவாள்.

கடைசியாகப் பார்த்த அன்று அவள் விடவில்லை.

“நிசமா தின்னுச்சா?”

“தின்னுச்சு. வழிச்சுத் தின்னுச்சு.”

நல்லம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “திட்டுனீங்களா?”

“நான் ஏன் அதைத் திட்டப்போறேன்?” என்றார் அவர். நாயைத் திட்டுவதாகத் தன்மேல் குற்றம் சொல்கிறாளே என்று அவருக்குக் கோபம்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. இருமுகிறாள் என்று நினைத்து அவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார்.

மறுநாள் யார்டுக்கே ஆள் வந்து சாவுச் சேதி சொன்னான்.

பாடை புறப்பட்டபோது விறகுக் கொட்டகைக்குள்ளிருந்து ஊளை கிளம்பியது. பறைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்தது. கொள்ளிச் சட்டியைச் சுமந்து முன்னால் நடந்த நாகையாவுக்குத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். திரும்பிப் பார்க்காமலேயே, ‘வாயை மூடு சனியனே’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார்.

சுடுகாட்டில் நாவிதர் அவர் தலையைச் சிரைத்தார். மீசையையும் எடுத்தார். இருபது வயதில் விட்ட மீசை அது. கத்தி மேலுதட்டில் பட்டபோதுதான் அவருக்குக் கண் கலங்கியது. அதுகூடக் கத்தியால்தான் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, எல்லாரும் வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது.

வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைத்திருந்தார்கள். உள்ளே, நல்லம்மாளைக் கிடத்தியிருந்த இடத்தில் இராஜம்மா விளக்கு ஏற்றியிருந்தாள். கொள்ளி வைத்தவர் கால் கழுவி, உள்ளே போய், அந்த விளக்கைப் பார்க்க வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடவோ கிளம்பவோ முடியும்.

நாகையா கால் கழுவிவிட்டு நிமிர்ந்தார். வாசற்படியில் நெத்திலி நின்றது.

“ஊளை தாங்கலண்ணே, தெறந்து விட்டுட்டேன்,” என்றாள் இராஜம்மா உள்ளிருந்து.

அவர் ஒரு படி ஏறினார். நெத்திலி பாய்ந்து வந்து குரைத்தது. தெரிந்தவர்களைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு இல்லை. கொத்தமல்லி விற்கிறவனைப் பார்த்து, கடன் சீட்டுப் பிடிக்கிறவனைப் பார்த்து, திருடனைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு. மொட்டைத் தலை, மீசையில்லாத முகம், மேலெல்லாம் புகை வாடை. யாரோ ஒருத்தன் வீட்டுக்குள் ஏறப் பார்க்கிறான் என்று அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு மறித்தது. புது வேட்டியின் நுனியைக் கவ்வி இழுத்தது.

“வீட்டுக்காரனையே உள்ள விடாது போல,” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கன்னையா குடையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

“அடிக்காதீங்கண்ணே,” என்றாள் இராஜம்மா. “நாகையாண்ணே, நீங்க வாயைத் தெறந்து ஏதாவது சொல்லுங்க. குரல் தெரிஞ்சா விட்டுரும்.”

அத்தனை பேர் முன்னால் நாயோடு பேச அவருக்கு வெட்கமாக இருந்தது. “நான்தான்,” என்றார் மெதுவாக.

நெத்திலி இன்னும் உரக்கக் குரைத்தது.

அந்தக் குரலை அது கேட்டதே இல்லை.

கடைசியில் இராஜம்மா வந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் நாகையா தன் வீட்டுக்குள் போய் விளக்கைப் பார்த்தார்.

அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. இராஜம்மா வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தது. ஆண்கள் சாப்பிட்டுவிட்டு வாசலில் வெற்றிலை போட உட்கார்ந்தார்கள். ஊர்க்கதை, கப்பல் கதை, யார் யாருக்கு வேலை போயிற்று என்ற கதை. நாகையா இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். கிணற்றடியில் கவிழ்த்துக் கிடந்த நெத்திலியின் தகரத் தட்டை நிமிர்த்தி, அதில் போட்டார்.

நெத்திலி வந்தது. இந்த முறை குரைக்கவில்லை. அவர் கையை முகர்ந்தது, காலை முகர்ந்தது, சோற்றை முகர்ந்தது. பிறகு உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தது.

“என்ன?” என்றார் நாகையா.

அது பார்த்துக்கொண்டே இருந்தது. விலா எலும்பு தெரிந்தது. கழுத்துப் பட்டையில் தொங்கிய லைசென்ஸ் தகடு, பட்டை தளர்ந்துபோனதால், முன்னங்கால் வரைக்கும் தொங்கியது.

“தின்னு.”

தின்னவில்லை. வாசல் பக்கம் லோரியின் சத்தம் கேட்டது. லோரி வந்து நின்றது.

அப்போதுதான் நாகையாவுக்குள் எதுவோ மளுக்கென்றது.

“என்னடா பாக்குறே? சோத்தைப் பாத்தா சோறாத் தெரியலயா உனக்கு? ராசா வீட்டு வாரிசு, துரைக்குத் தங்கத் தட்டு வேணுமோ? இன்ஸ்பெக்டர் காலுறை இனிச்சுது, பால்செம்பு இனிச்சுது, என் செருப்பு இனிச்சுது. சோறு கசக்குதா? வெக்கங்கெட்ட நாயே. பாலன் கையைக் கடிக்கிறே. நான் என் வீட்டுக்குள்ள போறதுக்கு ஊரே நின்னு வேடிக்கை பாக்க வைக்கிறே. மனுசன் உசுரை எடுக்கறதுக்குன்னே கருவாட்டுக் கூடையில ஏறி வந்தியா? ஆஸ்பத்திரியில போய் நின்னு தின்னுச்சு, தின்னுச்சுன்னு என்னைப் பொய் சொல்ல வச்சே. வழிச்சுத் தின்னுச்சுன்னு சொன்னேன்டா பாவி. அதைக் கேட்டுட்டுத்தான் போயிருக்கா. இப்ப பட்டினி கிடந்து என்னைப் பொய்யனாக்குறியா—”

தகரத் தட்டு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

நெத்திலி தலையைத் தட்டுக்குள் விட்டுத் தின்றுகொண்டிருந்தது. அவசரம் அவசரமாக, இரண்டு பக்கமும் சோறு சிந்த, வால் தரையை அடிக்க.

நாகையா அப்படியே நின்றார். எத்தனை வருஷமாக, முன்னறையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கொல்லையிலிருந்து நல்லம்மாளின் குரல் வந்துகொண்டிருந்தது. தின்னு மூதேவி, எனக்குன்னு வந்து வாய்ச்சியே, பேசாத ஒண்ணு முன்னால, அடங்காத ஒண்ணு பின்னால. ‘இவ்வளவு திட்டுறவ எதுக்கு வளக்குறா?’ என்று நினைத்தபடி அவர் சாப்பிட்டு எழுந்துவிடுவார். திட்டுனீங்களா, என்று ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது இதைத்தான்.

அவர் நிறுத்தியதும் நெத்திலியும் நிறுத்தியது. மூக்கில் ஒரு பருக்கை ஒட்டியிருக்க, நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தது.

கன்னையா கொல்லைக் கதவில் வந்து நின்றார். “தம்பி, லோரிக்காரன் அவசரப்படுறான். கயிறு எங்க?”

“போவச் சொல்லுங்கண்ணே.”

“என்னது?”

“தின்னுக்கிட்டு இருக்கு. அவனைப் போவச் சொல்லுங்க.”

கன்னையா தம்பியின் மொட்டைத் தலையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் லோரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

தட்டில் பாதிக்கு மேல் சோறு மிச்சம் இருந்தது. நெத்திலி காத்திருந்தது.

நாகையா கிணற்று மேடையில் உட்கார்ந்தார். மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே, அடுத்து என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்தார்.