ஒரு நிமிடத்தில் அணையும் திரை

எங்கள் அலுவலகத்தின் அறுபது மடிக்கணினிகளுக்கும் நான்தான் பொறுப்பு. பேட்டரியை மிச்சம் பிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேறு யாரும் சொல்லாததால் இதை நானே சொல்லிக்கொள்வது வழக்கம்.

அன்று விடுமுறை. என் தங்கை துணி அலமாரிக்குள் உட்கார்ந்து குரல் பதிவு செய்துகொண்டிருந்தாள். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். வாடிக்கையாளர் சேவையில் நாள் முழுக்கத் திட்டு வாங்கியே நான்கு வருடம் ஓட்டியவள். ஒலிப்புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்று ஒரு பக்கத்தை அனுப்பி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் வாசித்துப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. தேறிவிட்டால் திட்டு வாங்கும் வேலையைத் தலைமுழுகிவிடலாம்.

பதினொன்றே முக்காலுக்கு வாடிய முகத்துடன் வெளியே வந்தாள். இருபது தடவை வாசித்தாயிற்று, ஒன்றும் பிடிக்கவில்லை. படிக்கும் பக்கமும் பதிவும் ஒரே மடிக்கணினியில்; அதன் பேட்டரி ஒன்பது சதவீதம்.

“சார்ஜர் போட்டுக்கிட்டே படியேன்.”

“போட்டா பதிவுல ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல் வருதுக்கா.”

“இப்படிக் கொடு.”

திரை வெளிச்சத்தைக் கால்வாசியாக்கினேன். வைஃபை, புளூடூத், கீபோர்டு விளக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பதினொரு செயலிகளை மூடினேன். கடைசியாக, கைப்பழக்கத்தில், ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை அணையும்படி வைத்தேன். அலுவலகத்தில் எல்லாரும் கணினியைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களுக்கு நான் செய்யும் வைத்தியம் அது.

“தாராளமா ஒரு தடவை படிக்கலாம். போ.”

அலமாரிக் கதவு மூடிக்கொண்டது. அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு. கதையில் ஒரு பெண், குடியிருந்த வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும் பகுதிதான் அந்தப் பக்கம். தங்கை வாசிக்க ஆரம்பித்தாள். சரியாக ஒரு நிமிடத்தில் அந்தக் கோடு காணாமல் போனது.

நான் வைத்த ஒரு நிமிடம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசிக்கிறவள் எதையும் தொடமாட்டாள். தொட்டால் மைக்கில் ‘டக்’கென்று கேட்கும் என்று அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கதவைத் திறந்தால் கீல் கத்திப் பதிவு பாழாகும். திறக்காவிட்டால் இருட்டில் எதைப் படிப்பாள்? என் கை கைப்பிடி வரை போய்விட்டது.

உள்ளே ஒரு மூச்சு கேட்டது. பிறகு குரல் தொடர்ந்தது. காலையிலிருந்து படித்துப் படித்துப் பக்கம் முழுவதும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். வாசிக்கிற தொனி போய்விட்டது. அந்தப் பெண்ணே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசினாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள். சாயங்காலம் பதில் வந்தது. இரண்டாம் பாதியைப் போலவே முழுப் புத்தகத்தையும் சொல்ல முடியுமா, எப்போது தொடங்கலாம் என்று கேட்டிருந்தார்கள்.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். “திரை அணைஞ்சது என் வேலைதான்டி. ரொம்பப் பயந்துட்டியா?”

“பயந்தேன்,” என்றாள். “நீ கதவத் திறந்து காப்பாத்திடுவியோன்னு.”