நாளைக்கு வேன் வருமா?

“கதவைச் சாத்திட்டு வா. கையைத் தூக்கு.”

அக்காவின் குரல் மூச்சோடு மூச்சாகத்தான் வந்தது. ஈரப் பஞ்சால் அவள் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்த தங்கை, காதில் விழாததுபோல் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

“செவிடா நீ? தூக்குடி.”

மார்பில் தொடங்கிய புற்று எலும்புவரை பரவி, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிப் பதினோரு நாளாயிற்று. அக்காவுக்கு நாற்பத்தொரு வயது; படிக்கிற வயதில் ஒரு மகள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் அவளுடையது. பன்னிரண்டு வருடம் அவளேதான் ஓட்டினாள். பின்சீட்டில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் தங்கை எதை மறைத்துவிட முடியும்?

கையைத் தூக்கினாள். அக்காவின் எலும்பும் தோலுமான விரல்கள் அக்குளிலிருந்து மார்புப் பக்கமாக மெதுவாக நகர்ந்து வந்தன. ஓரிடத்தில் நின்றன.

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம். கொழுப்புக் கட்டியா இருக்கும்க்கா.”

“நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். எட்டு மாசம்.”

வெளியே அத்தான் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். அக்காவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று முதலில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாகப் போயின. தங்கைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் போயிற்று. “அந்த வியாதி பொண்ணுங்களுக்கு வழிவழியா வருமாமே” என்று மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாகவே சொல்லி அனுப்பினாள். மிஞ்சியது வேன் ஒன்றுதான். அதை இப்போது தங்கை ஓட்டுகிறாள்.

“நாளைக்கே போய்க் காட்டு.”

“நாளைக்கு வண்டிய யாரு எடுக்கிறது?”

அக்கா தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அவர்கிட்ட நான் சொல்றேன்,” என்றாள். “கூப்பிடு.”

அத்தான் வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. மூச்சு இழுத்தது, நின்றது, மறந்துபோனது நினைவுக்கு வந்ததுபோல் மறுபடி இழுத்தது. அக்கா அவர் முகத்தையும் தங்கையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னம்மா வேணும்? தண்ணியா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் இல்லை என்பது தங்கைக்குத் தெரியும். இருந்தும் பஞ்சை நனைத்து அக்காவின் உதட்டில் ஒற்றினாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது.

மறுநாள் இறுதிச் சடங்கு முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபின், அத்தான் சமையலறை வாசலில் வந்து நின்றார். இப்போது விட்டால் பிறகு சொல்லவே முடியாது என்று தங்கைக்குத் தோன்றியது.

“அத்தான், ஒரு விஷயம்...”

“நானும் ஒண்ணு சொல்லணும்,” என்று அவர் முந்திக்கொண்டார். “பிள்ளையோட படிப்பை நிறுத்திடுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. முடியாதுன்னுட்டேன். அவ சித்தி இருக்கான்னு சொன்னேன். நீ ஒருத்தி நல்லா இருந்தாப் போதும்மா, நாங்க கரையேறிடுவோம்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். “நீ என்ன சொல்ல வந்தே?”

“டீ போடட்டுமான்னு கேக்க வந்தேன்.”

அடுப்பில் பால் பொங்கும்போது போன் அடித்தது. வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா. துக்கம் விசாரித்தாள். நிஜமாகவே அழுதாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“நாளைக்கு வேன் வருமாங்க?”

“வரும்.”

வெயில் இன்னும் ஜன்னலை விட்டு இறங்கவில்லை. கூடத்தில் பாயை விரித்துத் தங்கை படுத்தாள். இரண்டு நாளாகக் கண்ணை மூடாத அக்கா மகள் வந்து பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். பதினாறு வயதாகியும் அம்மாவைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். இப்போது சித்தியின் மார்பின்மேல் கையைப் போட்டவள், போட்டபடியே உறங்கிப்போனாள்.

தங்கை அந்தக் கையைப் பெண் விழித்துவிடாமல் எடுத்து, கீழே தன் வயிற்றின்மேல் வைத்தாள். சற்று நேரத்தில் அது தானாக மறுபடி மேலே ஏறி வந்தது. மீண்டும் எடுத்துக் கீழே வைத்தாள். அதன்மேல் தன் கையை வைத்து, நகரவிடாமல் பிடித்துக்கொண்டாள்.