ஃபோனில் குடும்பம் நடத்தியவர்

கணவனை அவள் வீட்டில் 'முதலாளி' என்றுதான் சொல்வாள். மரியாதைக்காக அல்ல. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சலவைக்கூடத்துக்குத்தான் அவர் முதலாளி, வீட்டுக்கு வெறும் விருந்தாளி. அபூர்வமாக வந்து சாப்பிட்டாலும், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுச் சலவைக்கூடத்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிடுவார். சத்தத்தை வைத்தே எந்த மிஷினில் பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுகிற காது அது. மகள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் மட்டும் "இரும்மா" என்று விரலை உயர்த்துவார்.

நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்று ஆனதும் டாக்டர் அவரை ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். வேலையையும் குடும்பத்தையும் சமமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தருவது அந்த ஆளின் பிழைப்பு. மடிப்புக் கலையாத சட்டையில் வீட்டுக்கே வந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு அருள்பாலித்தார்.

"தினமும் ஒரு மணி நேரம் குடும்பத்தோட இருங்க சார். உடம்பு எங்க இருக்குங்கறது முக்கியமில்ல. மனசு இங்க இருக்கணும்."

இதைச் சொல்ல ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம் வேறு!

முதலாளிக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. மறுநாளே புது ஃபோன் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தார். இனி சாப்பாட்டு நேரத்தில் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட வேண்டுமாம், அவர் சலவைக்கூடத்திலிருந்தே கேட்பாராம்.

"மிஷினைக் கேக்கற மாதிரியே உங்களையும் கேப்பேன். நீங்க பாட்டுக்குப் பேசுங்க!"

முகத்தில் பெருமை வழிந்தது. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆலோசகரோ நல்ல ஆரம்பம் என்று மெச்சினாராம்.

அந்த வாரம் மகளுக்கு வேறு ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாமா வீட்டில் தங்கிப் படிக்கலாம். உள்ளூர்க் கல்லூரியிலும் இடம் இருந்தது.

"அப்பா ஒரு வார்த்தை இருன்னு சொல்லட்டும்மா, இருந்துடறேன்" என்றாள் மகள்.

அம்மா ஃபோனை முறைத்தாள். இவளும் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு யார், மேசைமேல் இருக்கும் ஃபோனா?

சாப்பிடும்போது மகள் அதைப் பார்த்தே கேட்டாள்.

"அப்பா, நான் மாமா வீட்டுக்குப் போகட்டுமா? வேணாம்னா சொல்லுங்க."

ஒரே இரைச்சல். பிறகு குரல் வந்தது.

"சரிம்மா, சரி. ரொம்ப நல்லது. டேய், மூணாவது மிஷினை நிறுத்துடா! பேரிங் கத்துது, உனக்குக் காது செவிடா?"

மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டாள்.

விஷயத்தைச் சொல்ல அம்மா சலவைக்கூடத்துக்கே போனாள். முதலாளி அவளை வாயைத் திறக்கவே விடவில்லை. "அதான் எல்லாம் ஃபோன்ல பேசியாச்சே" என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார். மாமா வந்து மகளை அழைத்துப் போனார். வீடு உறங்கிய பிறகே வந்து படுக்கிற மனிதர், மகளின் அறைக்கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் அவள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் பேசியது.

"இப்பல்லாம் வீட்ல சண்டை சச்சரவே இல்ல, கவனிச்சியா? பொண்ணு எவ்வளவு அமைதியாயிட்டா! ஆலோசகர் சொன்னது நல்லா வேலை செய்யுது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனிதனுக்காக இத்தனை வருஷம் பரிந்து பேசினோமே என்று தன்மீதே வெறுப்பாக இருந்தது.

"அவகிட்ட சொல்லு, அப்பா தினமும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு."

"நீங்களே சொல்லுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதலாளி ஃபோனில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளின் காலி நாற்காலியிடம் வெகுநேரம் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார்.