அரத்தோயரின் ஊர்

உறைந்து கிடந்த பேராற்றின்மேல் சூடற்ற செவ்வொளியைச் சிந்திவிட்டுக் கதிரவன் மறைய, இக்கரையில் கனடாவின் மொன்றியால் மாநகரும் அக்கரையில் லொங்குய்ய் நகரும் விளக்கேற்றி ஒன்றையொன்று நோக்கியிருந்த எழுபத்தொன்றாம் ஆண்டுத் தைத்திங்கள் மாலையில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் மாடிக் குடியிருப்பொன்றில், குருதிப்புற்றால் நலிந்து அம்புஜம் படுத்திருந்தாள்.

அவள் கணவர் ஜம்புநாதன் பல்கலைக்கழகத்தில் தொல்வரலாறு கற்பிப்பவர். பண்டை யவன நிலநூலொன்று ‘ஊரின்றி அலைவோர்’ என ஒரே வரியில் சொல்லிக் கைகழுவிவிட்ட அரத்தோயர் என்னும் குடிக்கு எப்பாடுபட்டேனும் ஓர் ஊரைக் கண்டறிந்து தருவதெனத் தம் இளமையெல்லாம் செலவிட்டவர். கற்றறிந்தவர்களே, அத்தகையவர் தம் மனைவிக்கு ஓர் ஊரைத் தர மறுத்ததை என்னென்பது! நகரின் லாசால் பகுதியில் வீடு வாங்கலாமென அவள் கேட்கும்போதெல்லாம், வந்த நாள்முதல் திறவாது கூடத்தில் கிடந்த இரும்புப் பெட்டியைத் தட்டிக்காட்டி, அடுத்த கோடையில் குடந்தைக்கே திரும்பிவிடுவோம் என்பார்.

அன்று மாலை அவளே பேச்செடுத்தாள்.

“ஏன்னா, உங்க அரத்தோயர் செத்தவாளை எங்க புதைப்பா?”

“போற வழியிலதான். கடலோரம் ஒரே எடத்துல நெறைய தாழி கெடைச்சிருக்கு. ஆனா அது ஊராகாது, அம்புஜம். அங்க வீடே இல்லை.”

“ஏன் ஆகாது? பெத்தவாளை விட்டுட்டு வந்த எடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்திருப்பாளே. அதான் அவா ஊர்.” சற்றே மூச்சுவாங்கிச் சொன்னாள்: “என்னைக் காவேரிக்குத் தூக்கிண்டு போகாதீங்கோ. இந்த ஆத்துத் தண்ணியிலயே விட்டுடுங்கோ. அப்பவாவது இது நமக்கு ஊராகட்டும்.”

அவள் கையைப் பற்றியபடி அமர்ந்திருந்தார்.

மாசி பிறக்குமுன் அம்புஜம் மறைந்தாள். சாம்பலைக் கரைக்கவோ ஆற்றில் நீரோட்டமில்லை. கரைமுதல் கரைவரை பனிப்பாறையாய்க் கிடந்தது. ஜம்புநாதன் பெட்டியைத் திறந்து, ஊர் திரும்பும் நாளில் உடுத்தவெனப் புறப்படும்போதே அவள் மடித்துவைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்து, சாம்பற் கலயத்தை அதில் சுற்றி உள்ளே வைத்தார். குளிர்காலம் முழுதும் அதனருகே அமர்ந்தே உண்டார்.

பங்குனி இறுதியில் பாறை வெடித்து நீர் புரண்டோட, தனியராய்க் கரையிறங்கிக் கலயத்தைக் கவிழ்த்து, கைகள் மரத்துப்போகும்வரை நீரளைந்து நின்றார். வீடு திரும்பியதும் தம் நிலப்படத்தை விரித்து, தாழிகள் கிடந்த கடற்கரையில் புள்ளியொன்று வைத்து, ‘அரத்தோயரின் ஊர்’ என்றெழுதினார். ஜம்புநாதனுக்கும் அந்த ஆற்றங்கரையில் ஓர் ஊர் வாய்த்துவிட்டது. அதில் உடன்வாழத்தான் அவள் இல்லை.