நாற்பதில் ஒன்று

நோன்பு இருபத்தோராம் நாள், பிற்பகல் அசர் பாங்குக்குச் சற்று முன்பு ஆயிஷா சித்திகா கடைக்கு வந்தாள்.

அப்துல் லத்தீப் கல்லாவில் இருந்தார். அவள் ஒவ்வொரு ரமலானிலும் வருபவள். தூரத்து உறவு. ஜகாத் கவர் டிராயரில் தயாராக இருந்தது. எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"இந்த வருசம் வேணாம் மாமா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"ஏன்? கோவமா?"

"சீச்சீ. இனிமே நாங்க வாங்கக் கூடாது. எங்க வீட்டுல அவுக சொந்தமா லோடு ஆட்டோ ஓட்டுறாக."

"வாடகை வண்டிதானே ஓட்டுனாரு?"

"அது முன்னாடி. போன நோன்புல ஜுல்பிகர் மாமா வாங்கிக் குடுத்தாக. பழைய வண்டிதான். நல்லா ஓடுது."

"கடனாவா?"

"ஜகாத் மாமா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு முந்துன வருசம் எங்க நாத்தனாருக்குத் தையல் மிஷின் வாங்கிக் கடையும் வச்சுக் குடுத்தாக. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காக. நீங்க யாரோவா? ரெண்டு பேருக்கும் ஒரே கல்லாதானே."

அவள் போனாள். லத்தீப் கவரை டிராயரில் வைத்து மூடினார்.

ஒரே கல்லா. அதுதான் உறுத்தியது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் நடைபாதையில் துண்டு விற்று லத்தீப்பும் ஜுல்பிகரும் சேர்ந்து தொடங்கிய வியாபாரம். இப்போது கைலி, துண்டு மொத்த விற்பனை. செல்லூரில் குடோன். லாபம் வருடா வருடம் சரிபாதி. ஜகாத் என்பது சொத்தில் நாற்பதில் ஒரு பங்கு. இருவர் பங்கும் ஒன்று என்றால் ஜகாத்தும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். லத்தீப் இந்த வருடம் கொடுக்க வைத்திருந்த கவர்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு லோடு ஆட்டோவுக்கு டயர் மாற்றலாம். அவ்வளவுதான்.

ஜுல்பிகர் சேர்த்து வைத்திருப்பான் என்றும் சொல்ல முடியாது. தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தான். மகள் டாக்டருக்குப் படிக்கிறாள். காஜிமார் தெருவில் வாடகை வீடு. ஓட்டுவது பழைய ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டரைப் பார்த்து லத்தீப் பல வருடம் இரக்கப்பட்டிருக்கிறார்.

இப்போது அந்த இரக்கத்தின் மேல் அவருக்கே கோபம் வந்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. பெருநாள் முடிந்ததும் தல்லாகுளத்தில் இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக லத்தீப் பேசி வைத்திருந்தார். ஜுல்பிகர் சேரவில்லை. "இருக்கிறதே போதும் மச்சான். நீங்க வேணும்னா போடுங்க" என்று சொல்லிவிட்டான். அன்று அதை லத்தீப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று எடுத்துக்கொண்டார். ஒரு வியாபாரி போதும் என்று சொன்னால் அவனுக்கு நோய் இருக்க வேண்டும். அல்லது வேறெங்கோ இன்னொரு கடை இருக்க வேண்டும். ஜுல்பிகருக்கு நோய் இருப்பதாகத் தெரியவில்லை.

அசர் தொழுகைக்குக் கிளம்பினால் ஜுல்பிகர் அந்திநேர மக்ரிப் தொழுகைக்குப் பிறகுதான் கடைக்கு வருவான். நோன்பு மாதம் மட்டுமல்ல, வருடம் முழுக்க. போன் எடுக்க மாட்டான்.

லத்தீப் மருதுவைக் கூப்பிட்டார். மருது பல வருடமாகக் கடையில் சரக்கு பார்ப்பவன்.

"ஜுல்பிகர் தொழுதுட்டு எங்க போறான்?"

"வீட்டுக்குத்தான் பாய்."

"வீட்டுல என்ன பண்றான்?"

"நோன்பு இல்லாத நாள்ல டீ குடிப்பாரு. வீட்டம்மாகூடப் பேசிக்கிட்டிருப்பாரு."

"தினமுமா?"

"தினமும்தான். என்னமோ கள்ளக்கடத்தல் பண்ற மாதிரி கேக்குறீங்க."

லத்தீப் சிரிக்கவில்லை. மருது துண்டு பண்டலைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஆனையூர் வீட்டில் நோன்பு திறந்த பிறகு மனைவி மைதீன் பீவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல காரியந்தானே பண்ணிருக்காக."

"நல்ல காரியம் இல்லேன்னு நான் சொன்னனா? காசு எங்கேருந்து வந்துச்சு?"

"போன வாரம் ராத்திரி தராவீஹ் தொழுகைக்கு அவுக சம்சாரத்தைப் பாத்தேன். கழுத்துல கருகமணி மட்டுந்தான் கெடக்கு."

"அதான் சொல்றேன். நகையாவும் இல்ல, வீடாவும் இல்ல, நிலமாவும் இல்ல. அப்ப எங்கயோ இருக்கு."

"நகை போட்டிருந்தா என்ன சொல்லிருப்பீக?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டிருப்பேன்."

"எப்படிப் போனாலும் அந்த மனுசன் ஒங்ககிட்டத் தப்ப முடியாது" என்று அவள் குழாயை மூடினாள்.

லத்தீப் மாடிக்குப் போனார். மாடியில் இரண்டு அறைகள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வரும்போது திறப்பதற்காகக் கட்டியவை. பூட்டியிருந்தன. அவர் வாழ்க்கையில் சேர்த்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்படிதான் சேர்த்திருக்கிறார். வீடு, கார், மைதீன் பீவி பெயரில் திருவாதவூரில் ஒரு மனை. யார் கேட்டாலும் காட்டலாம். மனையைப் பற்றி ஜுல்பிகரிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

பால்கனியில் நின்று ஆடிட்டர் பீமாராவுக்குப் போன் செய்தார். பீமாராவ் திருவாதவூர்க்காரர். அவருடைய பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது அவருக்கு அங்கே வயலும் மதுரையில் ஆபீசும் இருந்தன. மனையை முடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"வியாபாரக் கூட்டை முறிக்கணும்னா என்ன செய்யணும்?"

பீமாராவ் திருப்பிக் கேட்டார். "யாரு பாய், நீங்களும் ஜுல்பிகர் பாயுமா?"

"சும்மா கேக்குறேன்."

"யாரும் இதைச் சும்மா கேக்க மாட்டாங்க. மொதல்ல சரக்கை எண்ணணும்."

"சரக்கு எங்க போகப் போகுது?"

"எங்கயும் போகலேன்னா எதுக்குப் பிரியுறீங்க? எண்ணுங்க பாய். வருசா வருசம் நீங்க வாயால சொல்ற நம்பரைத்தான் நான் எழுதுறேன். நெசமா பொய்யான்னு எனக்கே தெரியாது."

"நோன்பு நேரத்துல பொய்யிங்கிறே."

"அதான் பகல்ல சொல்லாம இப்பச் சொல்றேன்."

மறுநாள் காலையில் லத்தீப் ஜுல்பிகரிடம் குடோன் சாவி கேட்டார். குடோன் பொறுப்பு முழுக்க ஜுல்பிகருடையது. லத்தீப் அங்கே போய் வெகுகாலமாகிவிட்டது. என்ன பேசுவது, அவன் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழியிலேயே யோசித்து வைத்திருந்தார்.

"சரக்கை எண்ணலாம்னு பாக்குறேன்."

"எண்ணுங்க மச்சான்" என்று ஜுல்பிகர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். "நானே எண்ணணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கூட வரவா?"

"வேணாம். நீ கடையைப் பாரு."

"வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுருங்க. உள்ள காத்தே வராது."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்காதது லத்தீப்புக்குப் பிடிக்கவில்லை.

குடோன் செல்லூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டு பக்கச் சுவருக்கு அப்பாலும் பவர்லூம் ஓடியது. பேசினால் கத்த வேண்டும். மருது ஏணியில் ஏறி பண்டல்களை வாய்விட்டு எண்ணினான். லத்தீப் கீழே நின்று எழுதினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வியர்வை காகிதத்தில் சொட்டியது.

அவர் எதிர்பார்த்தது வெற்றிடங்களை. முன் வரிசை நிறைய இருக்கும், பின்னால் காலியாக இருக்கும். அல்லது மேல் பண்டலில் நல்ல கைலி, அடியில் கழிவுத் துணி. இப்படிச் செய்தவர்களை அவருக்குத் தெரியும். பின் வரிசையை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அடிப் பண்டலைப் பிரிக்கச் சொன்னார்.

"எல்லாம் நம்ம சரக்குதான் பாய்" என்று மருது கத்தினான்.

"அந்த மூலையையும் பாரு."

"அங்க எலி இருக்கு. அதையும் எழுதிக்கிறீங்களா? பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு."

எண்ணி முடித்தபோது மதியமாகிவிட்டது. மருது வெளியே போய்த் தண்ணீர் குடித்தான். லத்தீப் ஒரு பண்டல் மேல் உட்கார்ந்து கூட்டினார். கடைச் சரக்கை மனதிலிருந்தே சேர்த்தார். வந்த தொகையைப் பார்த்துவிட்டு மறுபடி கூட்டினார். அதேதான் வந்தது.

பில்லில் இருப்பது எதுவும் குறையவில்லை. அது மட்டுமல்ல. பீமாராவிடம் அவர் வருடா வருடம் சொல்லி வந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. கோடியைத் தாண்டிப் போயிருந்தது. இவ்வளவு பெரிய தொகையை அவர் தன்னுடையதாக நினைத்ததே இல்லை. நல்ல சரக்கு, பழைய விலைக்கு வாங்கியது, ஒழுங்காக அடுக்கியது. ஜுல்பிகர் கொஞ்சம் கொஞ்சமாக, விலை இறங்கிய நேரம் பார்த்து வாங்கிப் போட்டிருக்கிறான்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. சரக்கில் கை வைக்கவில்லை என்றால் வேறு எதிலோ வைத்திருக்கிறான். விற்பனையில் இருக்கலாம். நெசவாளர்களிடம் கமிஷன் இருக்கலாம். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். பதில் சரியில்லை என்றால் இன்றோடு முடித்துக்கொள்வது.

அன்று ஜுல்பிகர் அசருக்குப் பின் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிவாசலில் இருந்து தூக்குவாளியில் கஞ்சி வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்தான். புழுக்கத்தில் நின்று எண்ணியவர் காரை ஓட்டிக்கொண்டு ஆனையூர் வரை போக வேண்டாம், இங்கேயே திறக்கலாம் என்றான். கடையின் பின்கட்டில் இருந்த மேசையில் செய்தித்தாளை விரித்து இரண்டு டம்ளரை வைத்தான். பேரீச்சம்பழம், வடை, தண்ணீர்.

லத்தீப் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் மாப்ள."

"கேளுங்க."

"ஆயிஷா வீட்டுக்கு வண்டி எங்கேருந்து வந்துச்சு?"

வடையைப் பிரித்துக்கொண்டிருந்த ஜுல்பிகரின் கை நின்றது. "சொல்லிட்டாளா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"ஜகாத்தை மைக் வச்சா குடுப்பாக?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. கடை ஒண்ணு. பங்கு சரிபாதி. எனக்கு வராதது ஒனக்கு எப்படி வந்துச்சு?"

ஜுல்பிகர் அவரையே பார்த்தான். பிறகு மேசை மேல் கிடந்த சரக்குக் கணக்குக் காகிதத்தைப் பார்த்தான்.

"அதுக்குத்தான் எண்ணுனீங்களா?"

லத்தீப் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"கொறையுதா?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் ஜுல்பிகர்.

அவன் கோபப்படுவான் என்று லத்தீப் எதிர்பார்த்திருந்தார். கோபப்பட்டிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவன் மறுபடி வடையைப் பிய்த்து இரண்டு தட்டிலும் போட்டான்.

"எனக்குன்னு தனியா ஒண்ணும் வரல மச்சான். பேங்க்ல பாத்தீங்கன்னா சிரிப்பீங்க. மகளுக்கு பீஸ் கட்டுனா வாடகைக்கு முழிக்கணும். நான் குடுத்தது சரக்குக்கு உள்ள ஜகாத்."

"சரக்குக்கா?"

"விக்கிறதுக்குன்னு வச்சிருக்கிற மொதல்தானே. கடையில இருக்கிறது, குடோன்ல இருக்கிறது எல்லாத்துலயும் பாதி என்னுது. அதுல நாற்பதுல ஒண்ணை லாபம் வந்ததும் மொதல்ல எடுத்து வச்சுருவேன். மிச்சத்துல வீடு ஓடணும். ஓடுது."

"அது பெரிய காசாச்சே."

"பெரிய காசுதான். அதனாலதான் ஒரு வீட்டுக்கே மொத்தமாக் குடுத்துர்றது. அடுத்த வருசம் அவுக வரிசையில நிக்கக் கூடாது பாருங்க." ஜுல்பிகர் கொஞ்சம் நிறுத்தினான். "மொத வருசம் குடுக்கையில மனசே வரல. சம்சாரத்துட்ட மூணு நாள் பேசல. அவ பாட்டுக்கு இருந்தா."

பள்ளிவாசல் ஹஜரத் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் வியாபாரச் சரக்கைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியது லத்தீப்புக்கு நினைவுக்கு வந்தது. அன்று காரைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டோமே என்று பாதியில் எழுந்து வெளியே போயிருந்தார். பிறகு யாரிடமும் கேட்கவில்லை; கையில் இருந்த பணத்துக்கு மட்டும் ஜகாத் கணக்குப் போட்டு வந்தார்.

ஜுல்பிகர் காகிதத்தை எட்டி எடுத்தான். கடைசி வரியைப் படித்தான். உதடு அசைய, மனதுக்குள் வகுத்தான்.

"யா அல்லாஹ்" என்றான். "இம்புட்டு இருக்கா? நான் கண்ணளவுலதான் போட்டுக்கிட்டிருந்தேன். கம்மியாப் போட்டுட்டேன் மச்சான். போன வருசம், முந்துன வருசம், எல்லாத்துக்கும் சேத்துச் சரிக்கட்டணும். நல்லவேளை நீங்க எண்ணுனீங்க. எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

அவன் முகத்தில் கேலி இருக்கிறதா என்று லத்தீப் தேடினார். கிண்டல், பழி, ஏதாவது ஒன்று. கவலை மட்டும்தான் இருந்தது. கடையில் மருது ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது.

ஜுல்பிகர் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து லத்தீப்பின் உள்ளங்கையில் வைத்தான். பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"ஆமா மச்சான்," என்றான் ஜுல்பிகர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இத்தனை வருசம் நீங்க சரக்கை எம்புட்டுன்னு வச்சு ஜகாத் குடுத்தீங்க?"